விரலை எடுத்த இடம்

கணினித் திரையில் ரெண்டு பொத்தானுக்கு நடுவே எத்தனை பிக்ஸல் விடுவது என்பதற்காக, "வேலையே வேண்டாம், போறேன்" என்று மேனேஜரிடம் மல்லுக்கு நின்ற ஆள் உலகத்தில் ஒருத்தன்தான் இருப்பான். அவன்தான் இவன். ஆபீஸில் அவனுக்கு 'ஸ்கேல்' என்று பேர். ஐம்பத்திரண்டு வயசு ஆளை இருபத்தைந்து வயசுக்காரர்கள் முகத்துக்கு நேரே "என்ன ஸ்கேல் சார்" என்று கூப்பிடுவார்கள். அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

மருந்துக்கடை, ஆஸ்பத்திரி கவுண்டர், நூலகம் என்று மேசைக் கணினியில் ஓடுகிற மென்பொருள்களுக்குத் திரை அமைப்பது அவன் தொழில். பொத்தானையும் பெட்டியையும் யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து கொட்டலாம், அதுகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்பான். அந்த இடமும் சும்மா வந்துவிடாது. ஒன்றுமே இல்லாத ஒரு பெட்டியைச் செய்து, அகலம் இவ்வளவு என்று எழுதி, ரெண்டு பொத்தானுக்கு நடுவே உட்கார வைக்க வேண்டும். அந்தப் பெட்டி கண்ணுக்குத் தெரியாது. தொட்டாலும் ஒன்றும் நடக்காது. அவன் வைத்திருந்த விதி ரொம்பச் சின்னது: சொந்தக்காரனுக்கு நாலு பிக்ஸல், அந்நியனுக்கு நாற்பது. 'சேமி'யும் 'ரத்து'வும் ஒரே காரியத்தைப் பேசுகிறவை, ஒட்டி நிற்கட்டும். 'அச்சிடு' வேறு சங்கதி, தள்ளி நிற்கட்டும். இருபத்தாறு வருஷமாக இந்த விதியை அவன் மீறியதே இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அவனுக்கு ஒரு அக்கா. ஒன்பது வயசு மூத்தவள். பஸ் நிலையத்து விசாரணைக் கவுண்டரில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள். கண்ணாடியில் இருக்கும் ஓட்டை வழியாக ஊரே வந்து அவளிடம் கேட்கும். "பஸ் எப்பம்மா வரும்?" "வரும்போது வரும், போர்டுல கொட்டை எழுத்துல எழுதியிருக்கே, கண்ணை வீட்டுலயா வெச்சுட்டு வந்தீங்க?" பதிலும் கிடைக்கும், கூடவே ஒரு குட்டும் கிடைக்கும். ஆனால் அவள் சொன்ன பஸ் தப்பாகப் போனதாகச் சரித்திரம் கிடையாது. தம்பிக்கு அவள் வைத்த பேர் 'மண்டு'. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கி வந்த அன்றைக்கும் மண்டுதான். முதல் சம்பளத்தில் அவளுக்குக் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்த அன்றைக்கும், "எனக்கு எதுக்குடா இது, மண்டு" என்றுதான் கட்டிக்கொண்டாள்.

ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அது தனிக் கதை, இப்போது வேண்டாம். அப்பா அம்மா போன பிறகு அக்கா பழைய வீட்டில் இருந்தாள், அவன் ஊரின் இன்னொரு கோடியில் ஒரு மாடி அறையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போவான், சாப்பிடுவான், திட்டு வாங்குவான். "சரி கிளம்புடா, எனக்கு வேலை கிடக்கு" என்று அவளே கதவைத் திறந்துவிடுவாள். அக்காவுக்குத் தனியாக இருந்தால்தான் பிடிக்கும் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேட்டானா என்றால், இல்லை.

போன வருஷக் கடைசியில் ஒரு நாள் காலை, பல் தேய்க்கும்போது அவள் விழுந்துவிட்டாள். பக்கவாதம். வலது பக்கம் மொத்தமும் போயிற்று, பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் துளிகூடக் கலங்கவில்லை. படித்தால் புரிந்தது, சொன்னால் புரிந்தது. திருப்பிச் சொல்லத்தான் வழியில்லை. இடது கை கொஞ்சம் அசைந்தது, அதிலும் நடுக்கம். தலை எந்நேரமும் லேசாக ஆடிக்கொண்டே இருந்ததால் அதில் ஆமா எது, இல்லை எது என்று பிரிக்க முடியவில்லை. டாக்டர் வேறு ஒன்றைச் சொல்லிவைத்தார்: "அழுதாங்கன்னா வருத்தம்னு நினைக்காதீங்க. சிரிச்சாங்கன்னா சந்தோஷம்னும் நினைக்காதீங்க. ரெண்டும் நரம்பு பண்ற வேலை." அவன் அதை அப்படியே மனசில் எழுதிக்கொண்டான். எழுதிக்கொள்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மாடி அறையைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்கே வந்து சேர்ந்தான். ஆபீஸ் வேலையை ஹாலில் வைத்துப் பார்த்துக்கொண்டான். வந்த முதல் வாரமே அவளுக்காக ஒரு திரை செய்தான். கடை கவுண்டரில் இருந்து கழித்துப் போட்ட சின்னத் தொடுதிரை ஒன்று ஆபீஸில் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிவந்து, கட்டிலுக்கு இடது பக்கம் கம்பி வைத்து மாட்டினான். பதினாறு பொத்தான், பதினாறு வார்த்தை. தொட்டால் திரை பேசும், வீடு முழுக்கக் கேட்கும். கம்ப்யூட்டர் குரல் அக்காவுக்கு ஆகாது. "மிஷின் அறிவிக்க ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் ஒருத்தனும் சரியான பஸ்ஸுல ஏற மாட்டேங்கறான்" என்று எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறாள். அதனால் அத்தனை வார்த்தையையும் தன் குரலிலேயே பேசிப் பதிவு செய்தான்.

பொத்தான்களை ஜோடி ஜோடியாக நிறுத்தினான், விதிப்படி. தண்ணிக்குப் பக்கத்தில் டீ. லைட் போடுவுக்குப் பக்கத்தில் லைட் அணை. வேண்டாமுக்குப் பக்கத்தில் சரி. கூட இருவுக்குப் பக்கத்தில் தனியா விடு. கடைசி ஜோடியை விளையாட்டாகச் சேர்த்தான்: மண்டு, அதற்குப் பக்கத்தில் சமத்து. ஜோடிக்குள்ளே நாலு பிக்ஸல், ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவே நாற்பது.

இன்னொரு காரியமும் செய்தான், அதில் அவனுக்கு அப்படி ஒரு திருப்தி. நடுங்குகிற கை, விரலை வைத்த உடனே பேசவிட்டால் கண்டதைப் பேசும் இல்லையா? அதனால் விரல் எங்கே வேண்டுமானாலும் போய் நிதானித்துக்கொள்ளட்டும், எந்தப் பொத்தானில் இருந்து விரலை எடுக்கிறாளோ அதுதான் பேசும் என்று வைத்தான். ஹாலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தன் ஆரோக்கியமான விரலால் இருபது தடவை சோதித்துப் பார்த்தான். இருபதும் சரி. அப்புறம் என்ன, கொண்டுபோய் மாட்டிவிட்டான்.

முதல் நாளே திரை பேசியது. "டீ." அவனுக்கு ஆச்சரியம். அக்கா ஆயுசுக்கும் டீயைத் தொட்டதில்லை. சரி, வியாதி வந்தால் நாக்கு மாறும் போலிருக்கிறது என்று போட்டுக்கொண்டுவந்து ஸ்பூனால் ஊட்டினான். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் "டீ." ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. சாயங்காலம் அறை இருட்டிக்கொண்டு வரும் நேரத்துக்கு "லைட் அணை" என்று குரல் வரும். போய்ப் பார்த்தால் லைட் போட்டிருக்கவே மாட்டான். வெளி வெளிச்சமே கண்ணைக் கூசுகிறது போல என்று ஜன்னல் திரையையும் இழுத்து மூடிவிட்டு வருவான்.

அப்புறம் அந்த ரெண்டு வார்த்தை. தலையணையைச் சரிசெய்துவிட்டு, போர்வையை இழுத்துவிட்டு, வாசற்படி வரைக்கும் வந்திருப்பான். பின்னாலிருந்து அவன் குரலே அவனிடம் சொல்லும்: "சமத்து." நின்றுவிடுவான். ஐம்பத்திரண்டு வருஷத்தில் அக்கா வாயிலிருந்து வராத வார்த்தை. காதெல்லாம் சூடாகிவிடும். திரும்பி ஒரு சிரிப்பு சிரிப்பதற்குள் அடுத்தது வரும்: "தனியா விடு." உடனே வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்துவான். நல்ல பிள்ளை, தொந்தரவு பண்ணாமல் போ என்கிறாள், அவ்வளவுதானே? அவள் சுபாவமே அதுதானே?

முதலில் தட்டை எடுத்துக்கொண்டு அவள் அறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பத்து நாளில் அது நின்றது. அப்புறம் வாசற்படியில் நின்று நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தான். அதுவும் நின்றது. ஹாலில் லேப்டாப்புக்கு முன்னால் ஒருத்தன், மூடின கதவுக்குப் பின்னால் ஒருத்தி. அந்த வீட்டில் ரெண்டு பேர் இருந்தார்கள், கேட்டது என்னவோ ஒரு குரல்தான். அவனுக்குப் பல நாள் மத்தியானம் சோறு இறங்காது. அக்காவுக்காக வந்த வீட்டில் அக்காவுக்கே நான் வேண்டாதவன் ஆகிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டே தட்டை மூடிவைப்பான். யாரிடம் சொல்வது? ஆபீஸில் சொன்னால் ஸ்கேலுக்குக் கண்ணீரும் அளந்துதான் வருமா என்பான்கள்.

காலையும் சாயங்காலமும் ஒரு மணி நேரம் ஒரு நர்ஸம்மா வருவாள், அக்காவைத் துடைத்துவிட, உடம்பைத் திருப்பிப்போட. வாய் கொஞ்சம் பெரிசு. ஒரு நாள் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு நிக்குது? எனக்கே தப்பாத்தான் படும், அவங்களுக்குப் படாதா?" என்றாள்.

"அது விதிம்மா. சம்பந்தப்பட்டதெல்லாம் பக்கத்துல இருக்கணும்."

"அப்படியா சார். நல்ல விதி." அவள் பாட்டுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருஷ அனுபவத்தை வாளித் தண்ணீரோடு கொட்டிவிட்டுப் போகிறாளே! ஆனால் அன்றைக்குப் பூரா ஒரு நினைப்பு அவனை உட்காரவிடவில்லை. ஒருவேளை தப்பாகத்தான் படுகிறதோ? ஒருவேளை அவள் தொட நினைப்பது 'கூட இரு'வையோ? மறுநாள் காலை, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெட்டிகளின் அகலத்தை எல்லாம் நாலில் இருந்து நாற்பது ஆக்கினான். இனிமேல் தப்பாகப் பட வழியே இல்லை. 'தனியா விடு' நின்று 'கூட இரு' வந்தால் ஜெயித்தான். பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவன் மாதிரி கதவுக்கு வெளியே போய் நின்றான்.

'தனியா விடு' நின்றது. வாஸ்தவம். ஆனால் 'கூட இரு' வரவில்லை. டீயும் வரவில்லை, சமத்தும் வரவில்லை. அன்றைக்கு முழுக்கத் திரை வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. எப்போதாவது ஒரு வார்த்தை தெறிக்கும், அதோடு சரி. ஒரு வாரம் பார்த்தான். தண்ணீரையும் டீயையும் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்தான். தனியா விடு என்று சொல்லக்கூட அவளுக்கு மனசில்லாமல் போய்விட்டது என்று முடிவுகட்டினான். அதற்கு முன்னால் திட்டாவது கிடைத்ததே என்று இருந்தது அவனுக்கு.

ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. தனித்தனி அறை, எந்நேரமும் நர்ஸ், தெரியாத முகங்கள். தெரியாதவர்களிடம் அக்கா நன்றாகத்தான் பழகுவாள், முப்பத்திரண்டு வருஷம் அதுதானே வேலை. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வேன் வரும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அறைக்குள் போனான். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியம் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு கேட்டான்.

"அக்கா, அங்க உன்னை நல்லாப் பாத்துப்பாங்க. நான் இருந்து உனக்குத் தொந்தரவுதான். போறியா? பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லிடு."

காத்திருந்தான். தெருவில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்து நின்றது, சரக்கை இறக்கினார்கள், லாரி போயிற்று. திரையில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. திரும்பினால் அக்காவின் கன்னம் ரெண்டும் நனைந்து கிடந்தது. கை திரைக்குப் பக்கத்தில் தொங்கியது. நரம்பு பண்ற வேலை என்று துண்டை எடுத்துத் துடைத்துவிட்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவளுடைய துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். கடைசி நாள் ஆயிற்றே என்று நர்ஸம்மா சீக்கிரமே வந்து, சாமான்களைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போனதும் ஒண்ணு சொல்லிடுங்க சார். அவங்க கையில எதையும் குடுத்துட்டு அந்தப் பக்கம் போயிடக் கூடாதுன்னு. இந்தக் கைக்கு ஒண்ணைத் தொட்டா விடத் தெரியாது. தொட்டதுமே தன் பக்கமா இழுத்துக்கிட்டே வரும். டம்ளரை வெக்கப் போனாலும் அது கூடவே வரும். என் பையோட வாரே ஒரு தடவை அறுந்துபோச்சு."

"என்ன சொன்னீங்க?"

"பை வாரு சார். பரவாயில்லை, பழசுதான்."

"அது இல்ல. தன் பக்கமா இழுக்குமா?"

"ஆமா சார். இடது கைதானே, அந்தப் பக்கம் நீட்டுறாங்க. திரும்ப வரும்போது வலது பக்கமா வழுக்கிக்கிட்டே வரும். ரெண்டு மாசத்துக்கு மேலா கூடவே இருக்கீங்க, பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. அவன் எங்கே பார்த்தான்? கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டல்லவா இருந்தான். பாதி மடித்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடினான்.

அவன் செய்கிற எந்த மென்பொருளும் தனக்குள் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். விரல் வைத்த இடம், விரல் எடுத்த இடம், நேரம். பிழை ஏதாவது வந்தால் திறந்து பார்க்கலாம் என்று வைப்பது. இதில் பிழையே வரவில்லை, அதனால் அவன் திறக்கவே இல்லை. இப்போது திறந்தான். வைத்த இடத்தில் இருந்து எடுத்த இடத்துக்கு ஒரு கோடு போடு என்று நாலு வரி எழுதி ஓடவிட்டான். திரை முழுக்கக் கோடுகள் வந்து விழுந்தன. எல்லாமே இடதில் தொடங்கி வலது பக்கம் வழுக்கியிருந்தன.

தண்ணியில் தொட்டு டீயில் எடுத்திருந்தாள். லைட் போடுவில் தொட்டு லைட் அணையில் எடுத்திருந்தாள். கூட இருவில் தொட்டு, நாலே நாலு பிக்ஸலைத் தாண்டி, தனியா விடுவில் எடுத்திருந்தாள். இடத்தை அவன் நாற்பதாக்கிய நாளில் இருந்து அநேகமாக எல்லாக் கோடும் அந்த ஒன்றுமில்லாத பெட்டிக்குள் போய் முடிந்திருந்தது. அவள் பேசாமல் இல்லை. விடிந்ததில் இருந்து பொழுது சாயும் வரைக்கும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அவன் செய்து வைத்த பெட்டி ஒவ்வொன்றையும் விழுங்கியிருக்கிறது.

கூட இருவில் தொடங்கின கோடுகள் மட்டும் எத்தனை என்று கேட்டான். ஆயிரத்து நாற்பத்தொன்று என்று வந்தது.

குறிப்பில் செவ்வாய்க்கிழமைக்குப் போனான். போகாமல் இருந்திருக்கலாம். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்துக்குள், 'வேண்டாம்' என்ற பொத்தானை ஒன்பது தடவை தொட்டிருக்கிறாள். ஒன்பதும் ஊமையாகப் போயிருக்கிறது.

சமத்தைத் தேடிப் பார்த்தான். அவ்வளவு நாளும் அவன் பொத்திவைத்திருந்த சமத்துகள் எல்லாம் மண்டுவில் தொடங்கியிருந்தன. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹோவென்று சிரித்தான், சிரிப்பு நடுவிலேயே உடைந்து அழுகையானது. நரம்பு பண்ற வேலையாம்! என்ன ஒரு அறிவு! தலையில் தலையில் அடித்துக்கொண்டான். நர்ஸம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சமையலறைப் பக்கம் போய்விட்டாள். வாய் பெரிசானாலும் நல்ல மனுஷி.

சரிசெய்ய ஒரு வார்த்தைதான் மாற்ற வேண்டியிருந்தது. எடுத்த இடம் என்பது வைத்த இடம் ஆனது. ரெண்டு நிமிஷ வேலை. பத்து வாரம் அந்த ரெண்டு நிமிஷத்துக்காக அவள் அந்த அறையில் இருட்டில் கிடந்திருக்கிறாள், தண்ணீர் கேட்டுக் கேட்டு டீ குடித்துக்கொண்டு.

உள்ளே போனான். கதவை அகலத் திறந்து, முட்டுக்கு ஒரு செங்கல்லையும் வைத்தான். ஜன்னல் திரையை விலக்கினான். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, இந்த முறை அவள் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தான்.

"அக்கா, நான் கேட்ட லட்சணம் தப்பா இருந்துச்சு. இப்ப சொல்லு. எதைத் தொட்டாலும் கேக்கும்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பின மாதிரி தெரியவில்லை. அப்புறம் இடது கை மெல்ல எழுந்தது, நடுங்கிக்கொண்டே போய்த் திரையைத் தொட்டது, அவள் பக்கமாக இழுபட்டது.

"மண்டு" என்றது அவன் குரல்.

"ஆமாக்கா."

"மண்டு."

"ஆமா, மண்டுதான். இன்னும் சொல்லு."

சொன்னாள். எண்ணாமல் விட்டான். அப்புறம் "தண்ணி." ஓடிப்போய்க் கொண்டுவந்தான். ஒரு டம்ளர் முடிந்து அடுத்த டம்ளரும் பாதி முடிந்தது. வாய் ஓரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. "லைட் போடு." போட்டான்.

ஹாலில் போன் அடித்தது. நாளைக்கு வேன் வருவதைப் பற்றித்தான் இருக்கும். எழுந்து வாசற்படிக்குப் போனான். பின்னாலிருந்து அவன் குரல் அவனைக் கூப்பிட்டது.

"கூட இரு."

திரும்பி வந்து உட்கார்ந்தான். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

"கூட இரு."

"உக்காந்துதானேக்கா இருக்கேன்."

அவள் கேட்கவில்லை. கை மறுபடியும் எழுந்தது, மறுபடியும் தொட்டது, மறுபடியும் வழுக்கியது. பத்து வாரம் சொல்லிச் சொல்லிச் சத்தம் வராத வார்த்தைக்கு இப்போதுதான் சத்தம் வந்திருக்கிறது, அவள் எப்படி நிறுத்துவாள்? கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் இந்த முறை துண்டை எடுக்கவில்லை. அவள் சொன்ன ஒவ்வொரு தடவைக்கும், "இருக்கேன்க்கா" என்று பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.